ஓலையில் நாலு கட்டம்

சம்மனசுத்துறை மாதா கோயிலின் போன் ஆப்பில் ஜெசிந்தா மச்சாடோவின் முதல் கல்யாண ஓலை வந்த ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை பேர் தெளிவாக வந்தது, மாப்பிள்ளையின் அப்பா பேர் வந்தது, அம்மா பேர் வந்தது, எப்போதோ செத்துப்போய்க் கல்லறையில் கிடக்கிற பெண்ணின் அப்பா பேர்கூடக் கொம்பும் சுழியுமாக லட்சணமாக வந்தது, பெண்ணின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் நாலு காலிக் கட்டம் வந்தது. பூசை முடிந்து உபதேசியார் கஸ்பார் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்து அதை வாசித்தார். அவர் கண்ணில் பட்டதை மட்டும் வாசிக்கிற மனுஷன். ஒரு எழுத்து கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். "காலஞ்சென்ற ஸ்தனிஸ்லாஸ் மச்சாடோ, பிரகாசி இவர்களின் மகள்" என்று வந்து நின்றார், கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்து மாட்டினார், போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டப் பிடித்துப் பார்த்தார், அப்புறம் பேரைத் தாண்டி "என்பவரும்" என்று போய்விட்டார். ஜெசிந்தாவுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து, புதுநன்மை அன்றைக்கு அவள் கையில் மெழுகுவர்த்தியைக் கொடுத்தவரும் அவர்தான்.

ஓலை என்பது அந்தக் கரையில் சின்ன விஷயமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஊரறியச் சொல்ல வேண்டும், இவர்களுக்குள் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் வந்து சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று ஒரு வரியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே அந்தக் கடைசி வரிக்காகத்தான். அப்படி இருந்தும் ஓலை வாசிக்கிற நேரத்தில் பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள் என்று லாம்பர்ட் சாமியாருக்கு வருத்தம். வீட்டு மாடியில் உட்கார்ந்து மெட்ராஸ் கம்பெனிக்கு ஆப் செய்துகொடுக்கிற ஜெசிந்தாவைக் கூப்பிட்டு, கோயிலுக்கும் ஒன்று செய்து கொடேன் என்று கேட்டார். செய்து கொடுத்தாள், சம்பளம் கிம்பளம் ஒன்றும் கேட்காமல். செய்து கொடுத்ததும், எழுத்து கரண்டு பில் மாதிரி இருக்கிறதே அம்மா, திருவிழா மாதிரி இருக்கக் கூடாதா என்றார்.

திருவிழா மாதிரி ஒரு ஃபான்ட்டைத் தேடிப் பிடித்தவளும் அவள்தான். அந்த ஃபைலை ஆப்பின் பெட்டிக்குள் வைத்து, ஆப் அதை அடையாளம் காண வேண்டிய இடத்தில் பேர் எழுதி, தலைப்புக்கு இது, உள்ளே இது என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக் கொடுத்து, ஐபோனிலும் பார்த்து, ஐஸ் கம்பெனி வாட்ச்மேன் வைத்திருக்கிற உடைந்த போனிலும் பார்த்து, எல்லாம் சரி என்ற பிறகுதான் ஊருக்கு விட்டாள். ஃபான்ட்டில் இல்லாத எழுத்தைக் கேட்டால் அந்த இடத்தில் காலிக் கட்டம் வரும், அது அவள் தொழிலில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தலைகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பினபோதுகூட அவள் பதறவில்லை, வீட்டுக்குப் போய்ச் சரி பண்ணிவிடலாம் என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சரி பண்ண ஒன்றும் இல்லை. ஜெபமாலையில் ஜெ இருந்தது, சிலுவையில் சி இருந்தது, வந்தனத்தில் ந் இருந்தது, மாதாவில் தா இருந்தது. பாட்டுக்குழுப் பட்டியலில் அவள் பேரே முழுசாக, வாலைச் சுழற்றிக்கொண்டு ஜம்மென்று நின்றது. மாப்பிள்ளை வில்பிரட்டின் பேர் பக்கத்தில் வந்தால் மட்டும் நாலு கட்டம். அவன் பேரை எடுத்தாள், அவள் பேர் வந்தது. அவன் பேரைப் போட்டாள், அவள் பேர் போயிற்று. முன்னால் போட்டாள், பின்னால் போட்டாள், நடுவில் நாலு வரி தள்ளிப் போட்டாள், அம்மா போனில் பார்த்தாள், பக்கத்து வீட்டுப் போனில் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் வில்பிரட் முழுசாக இருந்தான், அவள் கட்டமாக இருந்தாள். சாப்பாட்டுக்கு அம்மை கூப்பிட்டது காதில் விழவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவள் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்தாள், அந்தக் காரியம்தான் அவளைக் கெடுத்தது. ஃபான்ட்டை எடுத்துவிட்டு போனோடு வருகிற பழைய எழுத்தையே திரும்பப் போட்டாள். பேர் உடனே வந்துவிட்டது, கரண்டு பில் மாதிரிதான், ஆனாலும் பேர். மத்தியானத்துக்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பி, மீன் ஏலக்கூடத்தில் ஆரம்பித்துக் குழாயடி வழியாக வடக்குத் தெரு வரைக்கும் போய், மாப்பிள்ளையின் அம்மா சலேத்தம்மாள் காதில் விழுந்து, அங்கிருந்து போனாகத் திரும்பி வந்தது.

"ஏ பிள்ள, ஓலைய மாத்துனியாமே?"

"எழுத்துலதான் மாமி கோளாறு. அதான்."

"கோளாறு இருந்தா ஊருக்கெல்லாம்லா இருக்கணும். எங்களுக்கெல்லாம் நல்லாத்தான வருது. ஒரு வாட்டி ஊருக்குக் காட்டுன ஓலைய நீயே மாத்தலாமா? மறைக்கான்னு சொல்ல மாட்டாவளா?"

அந்தக் கேள்வியில் அன்பு இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஜெசிந்தா சாயங்காலமே ஃபான்ட்டைத் திரும்பப் போட்டாள். கட்டங்கள் போன இடத்திலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டன.

வேறு ஊராக இருந்தால் பயந்திருக்கும், இல்லையென்றால் சிரித்திருக்கும். சம்மனசுத்துறை இரண்டையும் செய்யாமல் யோசித்தது. தடை ஏதேனும் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்பது சட்டம், அறிந்தவர் மனுஷனாகத்தான் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை, ஆக எழுத்து ஏதோ அறிந்திருக்கிறது, தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்லியிருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. பங்குப் பேரவை கூடியது. ஞானஸ்நானம் வாங்காத ஒன்று எப்படித் தடை சொல்லலாம் என்று ஒருத்தர் கேட்டார். கோயில் ஆப்பில் குடியிருக்கிறது, தினமும் மூன்று வேளை திரிகால ஜெபத்தைச் சுமந்துகொண்டு எல்லார் வீட்டுக்கும் போகிறது, உன்னைவிட அதற்குத் தகுதி ஜாஸ்தி என்று இன்னொருத்தர் சொன்னார். லாம்பர்ட் சாமியார் ஆயர் இல்லத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டாரா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் வெளிச்சம்.

அதற்கப்புறம் தடை என்ன என்பதுதான் ஊருக்கு வேலை. ஆறு வருஷம் மெட்ராஸில் இருந்தாளே, ஹாஸ்டலில்தான் இருந்தாள் என்று யார் பார்த்தது. இத்தனை வயசு வரைக்கும் வந்த மாப்பிள்ளையை எல்லாம் வேண்டாம் என்றாளே, எதற்கு. காதில் மாட்டிக்கொண்டு மாடியில் இங்கிலீஷில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாளே, அந்தப் பக்கம் யார். முடியை ஏன் தோளோடு வெட்டினாள். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் பிற்பாடு அங்கியைக் கழற்றிவிட்டுப் போய்விட்டாரே, அந்த ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா. ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் இன்னொன்று முளைத்தது. அவளை யாரும் திட்டவில்லை, யாரும் வம்புக்கு இழுக்கவில்லை. கடையில் போய் நின்றால் பேச்சு நின்றது, அவ்வளவுதான். தேங்காய் எடுத்துக் கொடுக்கிறவன்கூட அவள் முகத்தைப் பார்க்காமல் நெற்றிக்கு மேலே பார்த்தான்.

இதற்கிடையில் ஊர்ப் பெண்கள் ஒரு காரியம் கண்டுபிடித்தார்கள். ஆப்பில் செபக் கருத்து என்று ஒரு பக்கம் உண்டு, இன்னாருக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று பேர் எழுதி அனுப்புகிற பக்கம். அனுப்பாமலே எழுதிப் பார்க்கலாம். புருஷன் கடலுக்குப் போன பிறகு, அடுப்பில் உலை கொதிக்கிறபோது, தன் பேரையும் அவன் பேரையும் சேர்த்து எழுதிப் பார்த்தார்கள். வந்தது. அத்தனை பேருக்கும் வந்தது. அடிக்கிறவன் பேரும் வந்தது, குடிக்கிறவன் பேரும் வந்தது, கொழும்புக்குப் போய் இன்னொரு குடும்பம் வைத்திருக்கிறவன் பேர்கூடப் பெண்டாட்டி பேரோடு பாந்தமாக வந்து நின்றது. எதிர்வீட்டு ஃபெபியோலா மாமி, கல்யாணமான நாளிலிருந்து புருஷனோடு ஒரு வேளைச் சோறு சண்டையில்லாமல் தின்னாதவள், கட்டம் வரும் என்று கண்ணை மூடி ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிவிட்டுத் திறந்து பார்த்தாள். ரெண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நின்றது.

"இந்த எழுத்துக்கு ஒரு எழவும் தெரியல" என்று ஜெசிந்தாவிடம் வந்து சொன்னாள். "நீ கவலப்படாத. எனக்கும் அவருக்கும் சரின்னு சொல்லுதே, இது என்னத்த கண்டுது."

"இத வெளிய சொல்லுவியளா மாமி?"

மாமி எட்டித் தன் வீட்டு வாசலைப் பார்த்தாள். "வெளிய எப்படிச் சொல்ல? எதுக்கு எம் பேர எழுதிப் பாத்தன்னு அவரு கேப்பாரே."

ஆக, ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லாருக்கும் தெளிவாக வருகிறது என்பது ஊருக்குத் தெரிந்தது, அதனால் ஜெசிந்தாவின் கட்டங்கள் இன்னும் கறுத்தன. போனைக் கொண்டுவந்து கோயில் வாசலில் மாதா நிற்கிற குகைக் கெபிக்கு முன்னால் வைத்து, அதற்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறவர்களும் வந்துவிட்டார்கள். புதுசாகப் பெண் பார்க்கப் போகிறவர்கள், பலகாரத்தட்டு வருவதற்கு முன்னால் இரண்டு பேரையும் எழுதிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். கஸ்பார் உபதேசியார் அதற்கென்று ஒரு ஜெபமே தயார் செய்திருக்கிறார் என்று கேள்வி.

ஜெசிந்தாவுக்கு வில்பிரட்டைப் பிடித்திருந்தது. இதில் மூடி மறைக்க ஒன்றும் இல்லை. வந்த வரன்களை எல்லாம் வேண்டாம் என்றவள், இவனைப் பார்த்துவிட்டு வந்து அம்மையிடம் தானே வாய்திறந்து சரி என்றாள், பிரகாசி அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதாள். துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் வேலை, பேச்சு கம்மி, அவள் பேசினால் முழுசாகக் கேட்பான், நடுவில் போனைப் பார்க்க மாட்டான். நிச்சயமான பிறகு சாயங்காலங்களில் பைக்கைக் கலங்கரை விளக்கத்து ரோட்டில் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் காற்றில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருப்பார்கள், வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும். அந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் அவள் விரும்பினாள், அதற்கு மேலாக அந்தச் சமயத்தில் அவள் எதையும் விரும்பவில்லை.

வில்பிரட் முதல் ஓலைக்கு மறுநாள் ராத்திரியே போன் செய்திருந்தான். "நான் உன்ன நம்புதேன் பிள்ள" என்றான்.

"ம்."

"ஊரு ஆயிரம் பேசும். ஆனா ஏதாவது இருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லிரு. என்னவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன்."

"ஒண்ணும் இல்லன்னா?"

"ஒண்ணும் இல்லன்னா நல்லதுதான. ஆனா கட்டம் வருதுல்லா."

நம்புகிறேன் என்பதற்கும் ஆனா என்பதற்கும் நடுவில் அவன் மூச்சுகூட விடவில்லை என்பதை அவள் கவனித்தாள். கவனித்த பிறகு கவனிக்காத மாதிரி இருக்க முடியவில்லை. சந்தேகம் என்பது அந்த ஊரில் எல்லார் வீட்டுத் தண்ணீரிலும் கலந்துவிட்டது, அவள் மட்டும் எந்தக் கிணற்றில் குடிப்பாள். லேப்டாப்பை எடுத்துவைத்துக்கொண்டு, வில்பிரட் பேருக்குப் பக்கத்தில் பங்கிலுள்ள பெண்கள் பேரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். கல்யாணம் ஆகாதவள், ஆனவள், கன்னியாஸ்திரி மடத்தில் சேர்ந்தவள், அவன் ஆபீஸில் ஸ்டெல்லா என்று யாரோ இருப்பதாக ஒரு தடவை சொன்னானே அந்த ஸ்டெல்லா, எல்லாரையும் போட்டாள். எல்லாரும் அவனுக்குப் பக்கத்தில் பளிச்சென்று வந்தார்கள். ஊரில் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாருக்கும் அவன் பொருத்தம், தனக்கு மட்டும் இல்லை என்று ஆனபோது, தான் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் குமுறிக் குமுறி அழுதாள்.

அம்மை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம்மா, அந்த ஓலையில அவரு பேரும்தான இருக்கு. ரெண்டு பேருக்கு நடுவுல தடைன்னா, அது அவரு பக்கமாவும் இருக்கலாம்லா? அத ஏன் ஒருத்தரும் கேக்கல?"

பிரகாசி மகளின் முதுகைத் தடவிக்கொண்டே, நிஜமாகவே புரியாமல், "அவர் பேருதான் தெரியுதே மக்கா" என்றாள்.

இரண்டாம் ஓலையும் அப்படியே வந்தது. அன்றைக்குச் செருப்பைத் தேடி ஒருத்தரும் வெளியே போகவில்லை. கோயில் நிறைந்து, நடைபாதை நிறைந்து, வெளியே வேப்பமரத்தடி வரைக்கும் ஜனம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தது, லாம்பர்ட் சாமியாருக்கே தன் பிரசங்கத்துக்கு இவ்வளவு கூட்டம் வந்ததில்லையே என்று கொஞ்சம் பொறாமைதான். கஸ்பார் இந்தத் தடவை நிற்கவும் இல்லை, கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை. "இவர்களின் மகள் என்பவரும்" என்று ஒரே மூச்சில் வாசித்தார், அப்படித்தான் எழுதியிருக்க வேண்டும் என்பது மாதிரி. கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அதில் ஓட்டை இருப்பதாகத் தோன்றவில்லை. ஊர் எதையும் இரண்டாவது தடவையிலேயே பழகிக்கொள்ளும்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின வாரத்தில் ஒரு மத்தியானம், வெயில் உச்சியில் நிற்கிற வேளையில், வில்பிரட்டும் சலேத்தம்மாளும் மக்ரூன் டப்பாவோடு வந்தார்கள். மக்ரூன் டப்பாவைப் பார்த்ததும் பிரகாசிக்கு உயிர் வந்தது, கல்யாணத்தை நிறுத்த வருகிறவர்கள் மக்ரூன் வாங்கிக்கொண்டு வரமாட்டார்கள். சலேத்தம்மாள் உட்கார்ந்து, விசிறியை வாங்கிக்கொண்டு, தண்ணீர் குடித்து, முகமெல்லாம் சிரிப்பாக விஷயத்தை எடுத்தாள்.

"ராத்திரி பகலா ஒக்காந்து பாத்துட்டேன் மைனி. மருமவ உறுதிபூசுதலுக்கு என்ன பேரு வச்சா? அமலோற்பவம்தான? அத இவன் பேரோட போட்டுப் பாத்தேன். எப்படி வருதுங்கிய. ஒரு புள்ளி, ஒரு கொம்பு கொறையல. மாதாவே வந்து நின்ன மாதிரி வருது."

புடவைக் கடையில் ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுப் பார்க்கிற மாதிரி, அவள் மகன் பேருக்குப் பக்கத்தில் பேர்களைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். சாமியாரிடமும் கேட்டாகிவிட்டது. உறுதிபூசுதலில் இரண்டாவதாக வைக்கிற பேரும் கோயில் பதிவில் உள்ள பேர்தான், அதைப் போட்டு ஓலை விட்டால் தப்பில்லை என்று அவர் பெரிய மனப்பாரம் இறங்கினவர் மாதிரிச் சொல்லிவிட்டார். பேரவையும் சம்மதம். எழுத்துக்கு மனஸ்தாபம் அந்தப் பேரோடுதானே ஒழிய ஆளோடு இல்லை என்று ஊருக்கும் ஒரே நிம்மதி. காலையில் தேங்காய்க்கடைக்காரன் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்ததற்குக் காரணம் அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அப்படியே வீட்லயும் அமலின்னே கூப்புட்டுக்கலாம்" என்றாள் சலேத்தம்மாள். "பத்திரிகையிலயும் அதையே போட்டுருவோம். இனி அந்தப் பழைய பேர யாரும் எடுக்காதிய, என்னத்துக்கு வம்பு."

"ஆமா மைனி, நல்லதா ஒரு வழி காட்டிட்டாரு ஆண்டவரு" என்று பிரகாசி கண்ணைத் துடைத்தாள். அவள் அந்த வாரம் முழுக்கப் பட்ட பாட்டுக்கு, மகளுக்கு மூக்கி என்று பேர் வைத்திருந்தாலும் சம்மதித்திருப்பாள்.

ஜெசிந்தா வில்பிரட்டைப் பார்த்தாள். அவன் அந்த வாரத்தில் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்துச் சிரித்தான். "பேருதான பிள்ள" என்றான் மெதுவாக. "ஆளு நீதான."

எல்லாரும் இவ்வளவு அன்பாக இருக்கும்போது கோபப்படவும் வழியில்லை. அது நியாயம் மாதிரிதான் அவளுக்கும் பட்டது. ஆப் அவளுடையது, ஓலையை அவள்தான் போட வேண்டும், அதனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து அமலோற்பவம் என்று அடித்தாள். வந்தது. சலேத்தம்மாள் சொன்னதில் பொய்யில்லை, அவ்வளவு அழகான பேரை அந்த ஃபான்ட் அதுவரைக்கும் எழுதியிருக்காது. அம்மை சிலுவை போட்டுக்கொண்டாள். சலேத்தம்மாள் டப்பாவைத் திறந்து ஒரு மக்ரூனை எடுத்து மருமகளின் வாய்க்கு நேராக நீட்டினாள்.

ஜெசிந்தா அதைக் கையில் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, அமலோற்பவத்தை அழித்து, தன் பேரை அடித்தாள். நாலு கட்டம் வந்தது. லேப்டாப்பை வில்பிரட்டின் பக்கமாகத் திருப்பினாள்.

"இத வாசிங்க."

"எத?"

"இந்த இடத்த. உங்க பேருக்குப் பக்கத்துல இருக்கத."

அவன் அம்மாவைப் பார்த்தான், பிறகு திரையைப் பார்த்தான். என்ன விளையாட்டு இது என்பது மாதிரிச் சிரித்தான். "இதுல என்னத்த வாசிக்க? ஒண்ணும் இல்லையே பிள்ள."

"இன்னொரு வாட்டி பாருங்க."

அவன் பார்த்தான். பாவம், கெட்டவன் இல்லை, அவள் கேட்டாள் என்பதற்காக முன்னால் குனிந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு உண்மையாகவே பார்த்தான், திரையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தான். கலங்கரை விளக்கத்து ரோட்டில் காற்றையும் மீறிக் கத்திக் கூப்பிட்ட பேர்தான், நிச்சயத்தார்த்த மோதிரத்தில் கொத்தச் சொல்லிக் கொடுத்த பேர்தான், அந்த இடத்தில் வேறு எந்தப் பேர் இருக்க முடியும். வாயைத் திறந்து சொன்னால் போதும். அவன் சொல்லியிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அவள் அமலோற்பவமாக ஆகியிருப்பாள், அன்னம்மாளாக ஆகியிருப்பாள், கட்டமாகவே இருந்துகொண்டுகூட அவனோடு காலம் முழுக்கக் குடும்பம் நடத்தியிருப்பாள். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்படியில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தும் அம்மை எழுந்து போகவில்லை.

"எழுத்தே வரலியே" என்றான் வில்பிரட், சங்கடமாக நிமிர்ந்து. "வராதத எப்படி வாசிக்க?"

"சரி" என்றாள் ஜெசிந்தா.

லேப்டாப்பை மூடினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு, வெயிலில் முக்காடுகூட இல்லாமல், கோயில் பக்கத்துச் சாமியார் பங்களாவுக்கு நடந்தாள். வில்பிரட் பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்து, எங்க போற, எங்க போற பிள்ள என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றான். லாம்பர்ட் சாமியார் அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும், வாம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதாமே என்று துண்டில் கையைத் துடைத்தார்.

"தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு ஓலையில போடுதோம்லா சாமி. நான் சொல்ல வந்திருக்கேன்."

சாமியார் துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "யாரு கல்யாணத்துக்கு?"

"என் கல்யாணத்துக்கு."

அவர் உட்கார்ந்தார், அவளையும் உட்காரச் சொன்னார், அவள் உட்காரவில்லை. "காரணம் எழுதணுமேம்மா. ரத்த உறவா? அவனுக்கு ஏற்கெனவே எங்கயாவது கல்யாணம் ஆயிருக்கா? யாரும் உன்னக் கட்டாயப்படுத்துதாவளா?"

"அதெல்லாம் இல்ல சாமி."

"பெறவு என்ன?"

"அவருக்கு என் பேரு தெரியாது."

சாமியார் அவளைப் பார்த்தார். திருச்சபைச் சட்டத்தில் உள்ள தடைகளை எல்லாம் அவர் மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும், அதில் இப்படி ஒன்று இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. அப்படியெல்லாம் எழுத முடியாதும்மா என்றார். எழுதுங்க சாமி என்றாள். ஊரு என்ன சொல்லும் என்றார். இவ்வளவு நாளும் சொன்னதையே சொல்லும் என்றாள். கடைசியில் அவர் அலமாரியைத் திறந்து பெரிய புத்தகத்தை எடுத்து, பேனாவை உதறி, இரண்டு வரி எழுதிவிட்டு, தடை சொல்கிறவர் பேர் போட வேண்டிய இடத்துக்கு வந்து நிறுத்தினார். ஞானஸ்நானப் பதிவில், பாட்டுக்குழுப் பட்டியலில், ஆப்பின் அடியில் செய்தவர் இன்னார் என்ற வரியில், தானே எத்தனையோ தடவை பார்த்த பேர். ஆனாலும் பழக்கதோஷம், தலையை நிமிர்த்தி, பேர் என்னன்னு போட என்று கேட்டார்.

சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஏனென்றால் அவனை அவளுக்கு இன்னும் பிடித்துத்தான் இருந்தது.